மண்டபத்து வவ்வாலும் ஆவுடைத்தங்கமும்

இல்ல தாஜ் பாய், அவசரப்படுத்தல. நீங்க மிசின்ல சீவுங்க, நான் இப்படி உங்க லேபு ஓரமா நிக்கேன். சீட்டுல ஆவுடைத்தங்கம்னு எழுதியிருக்கும் பாருங்க, திங்கக்கிழம ஆபரேசன் பண்ணி எடுத்த ஓவரி, சினைப்பை... ஆமா, என் சம்சாரம்தான். மேல வார்டுல படுத்திருக்கா. கட்டி கெட்டதா நல்லதான்னு உங்க டாக்டர் பாத்துச் சொல்லணும்லா, அதான் கால் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு.

கத்தி நல்லாத் தீட்டியிருக்கா? கோவப்படாதீங்க, நானும் இதே வேலைக்காரன்தான். பாளையங்கோட்டையில ஒரு காலேஜு, விலங்கியல் லேபு, பதினோரு வருசமாச்சு. என்ன, எனக்கு வாய்ச்சது வவ்வாலு. நெசமாத்தான் சொல்லுதேன். தாமிரவருணிக் கரையில பழைய மண்டபம் இருக்குல்லா, அங்கன வலையக் கட்டிப் பிடிப்பேன். பொட்டையோட ஓவரி அரிசி அளவுகூட இருக்காது. அத மெழுகுல பதிச்சு, மிசின்ல சீவி, சாயம் ஏத்திக் குடுக்கணும். அந்த ஓரம் சுருளுது பாருங்க, பைய... சரி, சரி, வாய மூடிக்கிடுதேன்.

டாக்டர் நாலு மணிக்கா? இப்ப ரெண்டரைதானா ஆவுது. வேண்டாம், உக்காந்தா இன்னும் பதறுது.

லேசுப்பட்ட சீவன் இல்ல பாய் அந்த வவ்வாலு. ஒரு சாதியில ஆணு சேந்துட்டுப் போயிரும், பொட்ட உடனே சூல் பிடிக்காது. ஆணோட வித்த உள்ளயே மாசக்கணக்கா கெடாம வச்சிருக்கும். பூச்சி பெருகுத காலம் வந்த பொறவுதான் ஓவரி முட்டைய விடும். வருசத்துக்கு ஒரே குட்டி. முட்டையச் சுத்தி செல்லு வட்டம் வட்டமா நிக்கும், எங்க காலேஜு வாத்தியார் அப்பாத்துரை சார் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்புல காட்டுவாவ. அம்புட்டையும் வீட்டுல வந்து இவகிட்ட ஒப்பிப்பேன். பீடி சுத்திக்கிட்டே கேப்பா. எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு பேச்சப் பாருன்னு கேலி பண்ணுவா, ஆனா நான் சொன்னா அவளுக்கு வேதவாக்கு.

இன்னொண்ணு கேளுங்க. எங்க மண்டபத்து வவ்வாலுக்கு ஓவரி ரெண்டு இருந்தாலும் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். அந்தப் பக்கம் பெருசா இருக்கும், மத்தது சூம்பிக் கெடக்கும். எத்தன நூறு சீவியிருக்கேன், எல்லாம் அப்படித்தான்.

போன வருசம் ஆனி மாசம் இவ, அடிவயித்துல இடப்பக்கம் என்னமோ உருண்டு கெடக்க மாதிரி இருக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னும் கேட்டா. நான்தான் பாய் சொன்னேன். ஏட்டி, ஒரு பக்கம் பெருசாத்தான் இருக்கும், நான் தெனம் பாக்கேம்லா, பேசாம இருன்னேன். சரின்னுட்டு எந்திரிச்சுப் போயி சோத்த வடிச்சா. பொறவு வாயே தொறக்கல, வலியில மயங்கி விழுத வரைக்கும்.

இங்க கொண்டாந்து சேத்தப்ப டாக்டரம்மா அவளப் புடிச்சு ஏசினாவ, ஒரு வருசமா என்னம்மா செஞ்சேன்னு. நான் பக்கத்துலதான் நிக்கேன். இவ, எனக்கு ஆஸ்பத்திரின்னா பயம்மா, அதான் வரலன்னு சொல்லிட்டா.