நெருப்புக் காசு

— பேர எழுதுறதுக்கு முன்னால இன்னொரு வாட்டி யோசிச்சுக்கங்க சார். இந்தப் புகார் மனு மேலிடத்துக்குப் போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு வேல போயிரும்லா.

— போகட்டும் கிராணி! நோர்வேயிலை இருந்து தன்னந்தனியா வள்ளம் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான். புயலுக்குப் பயப்பிடேல்லை. கடைசியிலை உங்கட துறைமுகத்திலை ஒரு பெட்டையிட்டை ஏமாந்து நிக்கிறன்.

— உங்கள யாரு எங்கிட்ட அனுப்புனது?

— இந்த மலையிலை, ரிங்லெட் டவுனிலை மரக்கறிக் கடை அம்மா. வெளிக்கிடுற நேரத்திலை எஞ்சின் பழுதாப்போச்சு, சாமான் வர ஒரு கிழமை செல்லுமாம், கீழை வெக்கை தாங்கேலாமல் மலைக்கு ஏறினனான். "மலாய்ல மனு எழுதணுமா, தேயிலத் தோட்டத்துக்குப் போயி கிராணி வீடு எதுன்னு கேளுங்க"ன்னு சொல்லி விட்டவ. தமிழிலை கேட்டு மலாயிலை எழுத ஒரு ஆள் கிடைச்சது என்ரை அதிர்ஷ்டம்.

— முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸ்ல கிராணியா கணக்கு எழுதிப் பேனா புடிச்ச கை சார், ரிட்டயராகியும் சும்மா இருக்க மாட்டேங்குது. தேத்தண்ணி ஆறுது, குடிங்க. நடந்தத மொதல்லேருந்து சொல்லுங்க.

— வெளிக்கிட அனுமதித் துண்டு எடுக்கத் துறைமுகக் கந்தோருக்குப் போனனான். கண்ணாடிக்கு அங்காலை இருந்த பிள்ளை, "ஆப்பி"க்குக் காசு கட்டுங்கோ எண்டா. போன்லை தேடிப் பாத்தன். ஆப்பி எண்டா நெருப்பாம்! என்ரை வள்ளத்திலை என்ன நெருப்பு? கள்ளி எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஏசிப்போட்டுத்தான் கட்டினனான்.

— அவ என்னா சொன்னா?

— ரசீதை மட்டும் நீட்டினா. கண் கலங்கினமாதிரி இருந்தது. நடிப்பு! பக்கத்திலை நிண்ட ஒரு பெரிய உத்தியோகத்தர்தான் தங்கமான மனுசன். என்னை வெளியாலை கூட்டிக்கொண்டு போய், "டுவிட் கோப்பி" மட்டும் தாங்கோ, அலுவல் கெதியா முடியும் எண்டார். கோப்பிக்குத்தானே எண்டு சந்தோசமாக் குடுத்தன்.

— கோப்பி வந்துச்சா?

— வரேல்லை.

— ரெசிட்டு?

— கோப்பிக் காசுக்கு ஆரும் ரசீது கேப்பினமே?

— ம். சரி, அந்தப் புள்ள பேரு?

— சட்டையிலை குத்தியிருந்ததைப் பாத்து எழுதி வைச்சிருக்கிறன். நளினி ஏ.பி. ஆண்டியப்பன். ஏ.பி. எண்டா என்ன பதவி? ... கிராணி? ஏன் பேனையை வைச்சிட்டியள்?

— பனி எறங்குது சார். எழுத்து சரியாத் தெரியல. இருங்க, லைட்டப் போடுறேன்.

— பெரிய பதவியோ?

— பதவி இல்ல சார். ஏ.பி.ன்னா "அனாக் பெரெம்புவான்". மகள்னு அர்த்தம். இந்த நாட்டுல நம்ம பொம்பளைங்க பேருல அப்படித்தான் போடுவாங்க. ஆண்டியப்பனோட மக நளினி. ... எழுதிட்டேன், ஒரு எழுத்து வுடல. இப்ப அவ குடுத்த ரெசிட்டக் காட்டுங்க.

— இந்தாங்கோ. பின்னாலை பாருங்கோ, சிவப்பு மையாலை வட்டம் வேறை போட்டுத் தந்தவ. அடுத்த முறை கட்ட வேண்டிய காசாக்கும்.

— சார், "டியூஸ் ஆப்பி"ன்னு போட்டிருக்கு. இது கலங்கரை விளக்குக் காசு. கடல்ல விளக்கு எரியுதில்ல, அதுக்குக் கப்பல்காரங்க கட்டுறது. சட்டப்படி வாங்குற காசு. சல்லிக்காசு கூட அவ கூட்டிப் போடல.

— ஐயோ... அந்த விளக்கைப் பாத்துத்தானே நான் கரை சேந்தனான்!

— வட்டத்துக்குள்ள மலாய்ல அச்சடிச்சிருக்கறத தமிழ்ல வாசிக்கிறேன், கேளுங்க. "ரசீது இல்லாமல் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்த நம்பரில் புகார் செய்யுங்கள்." டுவிட் கோப்பின்னா கோப்பி இல்ல சார், லஞ்சம். அந்த ஆளு பக்கத்துல நிக்கறப்ப வாயத் தொறக்க முடியல. அதான் வட்டம் போட்டுக் குடுத்திருக்கா.

— கடவுளே. கள்ளனுக்குக் கும்பிடு போட்டிட்டு, காப்பாத்தின பிள்ளையையோ நான் ஏசினனான்?

— மனுவக் கிழிச்சிரட்டா?

— தாங்கோ, நானே கிழிக்கிறன். அந்த நம்பருக்கும் இப்பவே எடுக்கிறன், கோப்பிக்காரனைச் சொல்ல. பிறகு அந்தப் பிள்ளையின்ரை மேலதிகாரிக்கு நல்லாப் புகழ்ந்து ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தாங்கோ.

— அத மட்டும் நான் எழுதக் கூடாது சார். புகாரு எழுதறப்ப பேனாவக் கீழ வச்சேன், இருந்தாலும் எழுதுனேன். புகழ்ந்து எழுதுனா தப்பாயிரும்லா. நீங்களே உங்க கையால இங்கிலீஷ்ல எழுதுங்க. அவங்க படிப்பாங்க.

— என்ன மனுசனப்பா நீங்கள்! சரி, நானே எழுதிறன். இந்த நாட்டிலை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆக்கள் ரெண்டு பேர், அவவும் நீங்களும். பெரிய பாவத்திலை இருந்து என்னைத் தூக்கி விட்டியள். நன்றி சொல்லவாவது உங்கட பேரைச் சொல்லுங்கோ, கீழை எல்லாரும் கிராணி கிராணி எண்டுதானே சொல்லிச்சினம்.

— ஆண்டியப்பன்.