ரெட்டைத் தூளி

நெல்தா: …அதை எழுதாத, பிசியோதெரபி பொண்ணே! இந்த மனுஷன் தூளியில ஏறினதை நான் பாத்ததே இல்ல.

வில்பெர்: நீ எழுதும்மா. பிளஸ் ரெண்டு. யார் தயவும் இல்லாம வலைத்தூளியில ஏறுறேன்.

ஸுலேமி: இருங்கய்யா. பக்கவாதம் வந்து நாலு மாசம்தான் ஆகுது. உங்க முன்னேற்றத்தை அளக்க, நான் மொதல்ல வந்த அன்னைக்கு மூணு பேருமா உக்காந்து மைனஸ் ரெண்டுல இருந்து பிளஸ் ரெண்டு வரைக்கும் போட்ட அளவு இது. மைனஸ் ரெண்டுன்னா…

நெல்தா: மூட்டை மாதிரி தூக்கிப் போடணும்.

வில்பெர்: வாயை மூடுடி. ஊரே தூளியில தூங்குது, நான் மட்டும் வாடகைக் கட்டில்ல கெடக்கேன்.

ஸுலேமி: பத்திரமா ஏறினீங்கன்னா கட்டிலைத் திருப்பி அனுப்பிடலாம்.

வில்பெர்: கட்டில்ல கனவே வர மாட்டேங்குதும்மா. தூக்கம் வருது… ஆனா வெறும் இருட்டு. தூளியில… ப்ரோக்ரெஸோ கடல்ல மல்லாந்து மிதக்குற மாதிரி… வெளங்காத காலும் சேந்து மிதக்குது…

ஸுலேமி: மிதக்குதா? அப்ப ஏறிட்டீங்களா!

வில்பெர்: …ரெண்டு வாரமா. மத்தியானம் எங்க ரெட்டைத் தூளியில இவ கண் அசந்ததும் நாலு எட்டு வச்சுப் போவேன். இவ பக்கத்துலயே குண்டியை வச்சு உக்காந்து, நல்ல கையால கெட்ட காலைத் தூக்கி உள்ள போட்டுக்குவேன்.

ஸுலேமி: ஐயையோ! விழுந்திருந்தா?

வில்பெர்: எங்க விழ? தூளி அசையவே இல்லியே.

ஸுலேமி: அசையாம எப்படி… அம்மா, ஏன் தலையைக் குனியுறீங்க?

நெல்தா: ஒண்ணுமில்ல.

ஸுலேமி: பிளஸ் ரெண்டுன்னு எழுதிட்டா, நீங்க சந்தைக்குப் போன நேரத்துலயும் தனியா ஏறுவாரு. எழுதவா?

நெல்தா: வேணாம்! …குவாதலூபே மாதா சத்தியமா, நான் தூங்கல. ரெண்டு காலையும் தரையில ஊன்றி, தூளியை ஆடாமப் புடிச்சுக்கிட்டேன். பதினாலு நாளும்.

ஸுலேமி: அப்ப பூஜ்யம்.

வில்பெர்: பூஜ்யமா! போச்சு… இனி அந்த இரும்புக் கட்டில்லதான் என் சாவு.

ஸுலேமி: ஐயா, இது பள்ளிக்கூட மார்க்கா? 'ஒருத்தர் புடிச்சுக்கிட்டா தானே ஏறணும்'னு அன்னைக்கு ஆசைப்பட்டோமே, அதுக்குப் பேருதான் பூஜ்யம். நினைச்ச எடத்துக்கு வந்து சேந்தாச்சு. கட்டிலை நாளைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்றேன்.

நெல்தா: நாளைக்கேவா… யோவ், கேட்டியா?

வில்பெர்: பூஜ்யம்னா பாஸா? இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? வீணா ஒரு பொய் சொல்லிட்டேனே!

நெல்தா: என்ன பொய்? நான் முழிச்சிருந்தது உனக்குத்தான் தெரியாதே.

வில்பெர்: தெரியாம என்ன? நீ புடிக்கலேன்னா ஏறியே இருக்க மாட்டேன். நீ கண்ணைத் தொறந்தா திட்டிக் கட்டிலுக்கே வெரட்டிருவியேன்னுதான்டி, நீ தூங்குறதா நானும் நம்புற மாதிரி கெடந்தேன்.