பொண்டாட்டிக்கு ஒரு ரேஸ் சைக்கிள்

செஞ்சி கூரியர் ஆபீஸில் எனக்கு முன்னால் நின்றவர் தனக்கு வந்த பெரிய பெட்டியை ஒரே கையில் தூக்கினார்.

“இன்னாப்பா, காலிப் பெட்டியா?” என்று கேட்டார் வரிசையில் நின்ற ஓர் அம்மா.

“சைக்கிள் ஃப்ரேம்மா, கார்பன் ஃபைபர்ல செஞ்சது. சீனாவுல ஃபேக்டரியிலிருந்தே நேரா வாங்கினேன். கடையில வாங்கினா கட்டுப்படியாவாது.”

“சக்கரம், செயினு?”

“அதெல்லாம் தனியா வந்துடுச்சு. நானே கோத்துடுவேன். என் பொண்டாட்டி ரேஸ் ஓட்டுறா.”

“இவ்ளோ லேசா இருக்குதே, உடைஞ்சுட்டா?”

அவர் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

“எனக்கும் அந்த பயந்தாம்மா. பத்து நாள் மேல்சித்தாமூர் வரைக்கும் நான் ஓட்டிப் பாத்துட்டுதான் அவகிட்ட குடுப்பேன்.”

“அதுவரைக்கும் அவ சும்மா இருப்பாளா?”

“பெட்டி இன்னும் சீனாவுலயே கெடக்குதுன்னு சொல்லிவச்சிருக்கேன்.”