ஒரு கையால் இயக்கத்தக்க விளக்கு

டார்ச் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள், ஆய்வாளர் அம்மா. கடைக்காரர் எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டுவார்; வட்டம் பெரிதாகத் தெரியும்; உடனே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அது கையில் எப்படி அமர்கிறது, ஈரக் கையில் வழுக்குகிறதா, பொத்தான் கட்டைவிரலுக்குத் தானாக அகப்படுகிறதா என்பதையெல்லாம் எவரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். இரண்டு மாதங்கள் பார்த்தேன்.

தாங்கள் என்னை அமரச் சொன்னதற்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ள மாட்டேன். என் பெயர் சுகுமார். வயது அறுபத்திரண்டு. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் ஏரிப் பாசனத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் நன்செய் இருக்கிறது. அந்த நிலத்தின் வரப்பில் சென்ற மாதம் மின்சாரம் தாக்கி இறந்துபோன இருசப்பன் அவர்களைப் பற்றிய கோப்பில் ஒரு பிழை உள்ளது. அதைத் திருத்தவே வந்தேன். எழுத்தர் அவர்களுக்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

இருசப்பன் எங்கள் ஊரின் நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து, வாய்க்காலில் வரும் நீரை முறை வைத்து ஒவ்வொருவர் வயலுக்கும் திருப்பிவிடுவது அவர் பொறுப்பு. யாருக்கு எந்த நாழிகை, எந்த மடை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. முப்பது ஆண்டுகளில் அவர் கணக்குப் பிசகியதாக ஒருவரும் சொன்னதில்லை. நான் அவரை ஒருமையில் அழைத்ததே கிடையாது. இதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் என் வீட்டுக்கு வந்தால் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவார். உள்ளே வாருங்கள் என்று நான் சொன்னதில்லை, அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. எங்களுக்குள் எந்த மனக்கசப்பும் இருந்ததில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். கதிர் முற்றும் காலத்தில் சிலர் வரப்பில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கறவை மாடு செத்தபோது ஊரில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கம்பியில் மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் கொட்டகைக் கூரையில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிய வேண்டும். கம்பிக்கும் பல்புக்கும் ஒரே சுவிட்சு. சிவப்பு தெரிந்தால் நீர்க்கட்டி தள்ளி நின்று குரல் கொடுப்பார். கம்பியை அணைத்த பிறகுதான் தாண்டி வந்து மடையைத் திறப்பார். நல்ல ஏற்பாடு. அதனால் ஒரு மனிதருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

என் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பயிரிடுபவர் வீராசாமி. கம்பி இழுத்தவர் அவர்தான். ஆனால் ஒன்பது மணிக்கு மேல், இருசப்பன் தம் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகுதான் அவர் சுவிட்சைப் போடுவார். அவர் கவனமான மனிதர்.

இருசப்பனிடம் ஒரு பழைய டார்ச் இருந்தது. இரண்டு கட்டை பேட்டரி போடுவது. சுவிட்சு துருப்பிடித்து, அதை நகர்த்த இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. அவருடைய இடக்கை எப்போதும் தோளில் இருக்கும் மண்வெட்டியைப் பிடித்திருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவர் நிற்க வேண்டும், மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டும், பிறகுதான் விளக்கைப் போடவோ அணைக்கவோ முடியும். என் நிலத்தின் முனையில், வாய்க்கால் திரும்பும் இடத்தில், அவர் தவறாமல் நின்று விளக்கை அணைப்பதைக் கவனித்திருக்கிறேன். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"லைட்டு எரிஞ்சா காலாண்ட கீறதுதான் சார் தெரியும்," என்றார். "அமுத்திட்டு செத்த நின்னாத்தான் தூரத்துல கீறது கண்ணுக்கு வரும். செவப்பு எரியுதா இல்லியான்னு பாத்துக்கினுதானே கால வெக்கணும்? பொண்டாட்டின்னு ஒண்ணு கீதே வூட்ல, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

மிகச் சரியான விளக்கம். பிரகாசமான ஒளியில் கண்ணின் பாவை சுருங்கிவிடும். மங்கலான பொருள்கள் புலப்படா. இதை ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். பள்ளிக்கே போகாத ஒருவர் இதைத் தாமாகக் கண்டறிந்திருந்தார். அன்று அவரைப் பாராட்டவும் செய்தேன்.

அதன் பிறகுதான் அவருக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கித்தர வேண்டும் என்று தோன்றியது.

முதலில் காஞ்சிபுரத்தில் ஒன்று வாங்கினேன். வெளிச்சம் போதுமானது, ஆனால் முழங்கை நீளம். இடுப்பில் செருக முடியாது. இரண்டாவதைக் கைப்பேசியில் தேடி வரவழைத்தேன். சிறியது, ஆனால் பொத்தான் பக்கவாட்டில் இருந்தது. சேறு பட்ட விரல் அதைத் தேட வேண்டியிருந்தது. மேலும் இரண்டு முறை அழுத்தினால் அது விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. வயதானவருக்கு அது குழப்பம் தரும். மூன்றாவதுதான் பொருத்தமாக அமைந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் நீளம். பொத்தான் பின்புறத்தில், கட்டைவிரல் இயல்பாகச் சென்று அமரும் இடத்தில். இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி. தண்ணீர் புகாது. கைப்பேசி வயரிலேயே சார்ஜ் ஏறும். ஆகவே பேட்டரி தீருமே என்று அணைத்து அணைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டியதில்லை. வெளிச்சமோ, வரப்பில் இருபது அடிக்குப் புல் புல்லாகத் தெரியும்.

நானே தோளில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு, வலக்கையில் அதை ஏந்தி, வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தேன். கொட்டகையில் சிவப்பு பல்பை எரியவிட்டிருந்தேன். கம்பியை அதற்கு முன்பே கழற்றிவிட்டேன். திருப்பத்தில் நிற்காமல் வந்தால் அந்தப் பல்பு கண்ணில் படுவதே இல்லை. எதிரே வெள்ளையாக ஒரு வட்டம், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. மூன்று மாலைகள் சோதித்தேன். ஒரு சோதனையின் முடிவை ஒரு தடவையோடு நம்பிவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவன் நான்.

தை மாத இறுதியில் அவர் வீட்டுக்கே சென்று கொடுத்தேன். அவர் மனைவி செங்கேணி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, லிப்ஸ்டிக்கு டப்பா மாதிரி கீது? இதுலேர்ந்தா வெளிச்சம் வரப்போது?"

இருசப்பன் பொத்தானை அழுத்தினார். மாட்டுக் கொட்டில் முழுவதும் பகலாயிற்று.

"ஏ யப்பா, சூரியன புட்ச்சி டப்பாவுல அட்ச்சி வச்சிக்கிறானுங்கடி."

"மூஞ்சில அடிக்காதய்யா, கண்ணு அவிஞ்சி பூடும். பகல்ல உன் மூஞ்சப் பாக்கறது பத்தாதுன்னு இருட்டுலயும் பாக்கணுமா நானு?"

அவர் சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "எனுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? பழசே நல்லாத்தான் கீது," என்றார்.

"ஒரு கையில மம்மட்டி இருக்கு. இன்னொரு கையாலயே போடலாம், அணைக்கலாம். நீங்க வழியில நிக்கவே வேண்டாம்," என்றேன்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

பழக்கம் உடனே மாறிவிடுவதில்லை. முதல் சில நாட்கள் புதிய விளக்கையும் திருப்பத்தில் அணைத்துவிட்டு நின்றார். நான் கொட்டகையில் நாற்காலி போட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். ஐந்தாம் நாள் நின்றார், அணைக்கவில்லை. ஒன்பதாம் நாள் நடையைச் சற்றுத் தளர்த்தினார். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு நிற்கவே இல்லை. அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் இருந்ததும் இல்லை. ஆகவே நிற்காததால் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை. உறுதி செய்துகொள்ள மேலும் ஆறு நாட்கள் விட்டேன்.

பத்தொன்பதாம் நாள் வீராசாமி பழையசீவரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். மாலை ஆறே முக்காலுக்கு நான் சுவிட்சைப் போட்டேன். கூரையில் சிவப்பு பல்பு எரிந்தது. ஊர் செய்துகொண்ட ஏற்பாட்டை நான் மீறவில்லை. ஏழடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது வெளிச்சம் வாய்க்கால் ஓரமாக வந்தது. அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். திருப்பத்தில் வெளிச்சம் நிற்கவில்லை.

ஒரு சிறு ஓசை கேட்டது. பிறகு டார்ச் வாய்க்காலுக்குள் விழுந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. பொருள் தரமானது. பதினைந்து நிமிடங்கள் பொறுத்து சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டுக்குச் சென்று கை கால் கழுவிக்கொண்டேன். எட்டரை மணிக்கு யாரோ வந்து சொன்னபோது நானும் எல்லோருடனும் ஓடினேன்.

தாங்கள் வீராசாமியைக் கைது செய்தீர்கள். கம்பி அவருடையது என்பதால் அது இயற்கையே. நேற்று அவர் மனைவி கனகா என் வீட்டுக்கு வந்திருந்தார்.

"சார், அந்த நேரத்துல அவரு பழையசீவரத்துல குந்திக்கினு சாப்ட்டுகினு இருந்தாரு சார். ஒம்போது மணிக்குப் போட வேண்டியத சாயங்காலமே போட்டுட்டு, ஆளு வுயுந்ததும் அமுத்திட்டு ஓடிட்டான்னு ஊரே சொல்லுது. நீங்க ஒரு லட்டர் எய்திக் குடுங்க சார். நீங்க சொன்னா பொய் சொல்ல மாட்டீங்கன்னு போலீஸ்ல நம்புவாங்க."

நியாயமான வேண்டுகோள். தவறான விடைக்கு மதிப்பெண் போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆகவே கடிதமாக அனுப்பாமல் நேரிலேயே வந்தேன்.

காரணம் என்னவென்று தாங்கள் மீண்டும் கேட்கிறீர்கள். பன்றிக்காகத்தான் போட்டேன், நேரம் மறந்துவிட்டது என்று சொல்லலாம் என்று பேருந்தில் வரும்போது எண்ணினேன். அது உண்மையாகாது.

சென்ற ஆண்டு மாசியில் ஏரியில் நீர் குறைந்துவிட்டது. என் பயிர் பால்கட்டும் பருவம். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் முறை. கடைமடையில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடும் செல்லாயி என்ற பெண்மணிக்கு அன்று நீர் போய்க்கொண்டிருந்தது. விடிவதற்குச் சற்று முன் நான் வாய்க்காலில் இறங்கி, அவருக்குப் போகும் நீரை மண் போட்டு மறித்து, என் மடையைக் கையாலேயே பறித்து விட்டேன். வேட்டியெல்லாம் சேறு. அப்போது முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

"யாரு அது?" என்று கேட்ட இருசப்பன், மறுகணம், "சாரா?" என்றார்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் டார்ச்சை அணைத்தார். நான் எழுந்து செல்லும்வரை அது அணைந்தே இருந்தது.

"வழுக்கும் சார், பாத்துப் போங்க," என்று இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மடைய நான் கட்டிக்கிறேன்."

அவ்வளவுதான். அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. செங்கேணியிடமும் சொல்லவில்லை, பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்றபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்த லைட்ட யாரையும் தொட வுடாது சார். சார் மாதிரி ஒரு மனுசன் வருமான்னு சொல்லிக்கினே இருக்கும்," என்று அழுதார். அப்போது எனக்கு அது தெளிவாகியது.

தண்ணீரை மறித்த மறுநாளே இருசப்பன் எதிரே வந்து வழக்கம்போல் துண்டை எடுத்து வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று ஓராண்டு பார்த்தேன், அம்மா. ஏளனம் இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். சற்று உரிமை எடுத்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு மாற்றமும் இல்லை. சுதந்திர தினக் கிராம சபையில் நீர்ப் பங்கீட்டில் நேர்மை என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த அவர்தான் முதலில் கை தட்டினார். உண்மையாகவே தட்டினார். என்னை அறிந்த ஒருவர் என்னை மன்னித்துவிட்டு என் ஊரிலேயே நடமாடிக்கொண்டிருந்தார். எத்தனை நாள்தான் அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

இருசப்பன் அவர்களைத் திட்டமிட்டுக் கொன்றவன் நான். வீராசாமி நிரபராதி. அவரை இன்றே அனுப்பிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தர் அவர்கள் எழுதியவற்றைப் படித்துப் பார்த்தேன். அழகான கையெழுத்து, பிழைகள் அதிகமில்லை. எல்லாப் பக்கங்களிலும் கையொப்பமிடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். தண்ணீர் மறித்ததைப் பற்றி நான் சொன்ன அந்த ஒரு பக்கத்தை மட்டும் கருணைகூர்ந்து நீக்கிவிட வேண்டும். காரணம் தெரியவில்லை என்று போட்டுக்கொள்ளலாம், அல்லது முன்விரோதம் என்று போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் எனக்குச் சம்மதமே. செல்லாயி அதே ஊரில்தான் இருக்கிறார், அம்மா. நாளைக்கு அந்தப் பெண்மணியின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?