குறி போட்ட மூன்று படிகள்

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு சார், மறைப்பானேன். என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வீட்டுக் கூடம். பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

நூற்றிருபது வருஷத்து வீடு அது. முகப்பில் கை வைக்கக் கூடாது, உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்று நகராட்சியில் உத்தரவு. பழைய சொந்தக்காரர்கள் வெளியூரில் இருந்த பதினெட்டு வருஷமும் சாவி என்னிடம்தான். ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டது, கரையானுக்கு மருந்து அடித்தது எல்லாம் நான். வாங்க வந்தவர்களில் எத்தனை பேரை "மழை பெஞ்சா ஒழுகும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன் என்பது வேறு கதை.

போன வருஷம் இந்தத் தம்பதி வாங்கினார்கள். அவர் வாயைத் திறக்கவே மாட்டார். அவள் கையில் எந்நேரமும் அளவு டேப். தெருவில் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர்; வைத்தது நான்தான். முப்பது வயசுகூட இருக்காது. "வசதி மட்டும்தான் ஆன்ட்டி புதுசு. வீட்டோட முகம் மாறாது" என்றாள்.

சொன்னபடியே செய்தாள், அதுதான் எரிச்சல். சுவரைக் குடையாமல் மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒயரைக் கொண்டுபோனாள். பழைய கதவுகளை இழைத்து எண்ணெய் பூசினாள். ஸ்விட்சுகூடப் பித்தளைக் குமிழாகத் தேடிப் பிடித்தாள். குளியலறையில் மட்டும் புது டைல்ஸ், அதுவும் கண்ணை உறுத்தாத நிறம். குறை சொல்ல ஒன்று சிக்க வேண்டுமே. நானும் தினம் போய் ஏதாவது சொன்னேன். அந்த அலமாரி அங்கே இருக்கக் கூடாது, இந்தச் சுவர் மஞ்சளாகத்தான் இருந்தது. "அப்படியா ஆன்ட்டி" என்று சிரிப்பாள். மறுநாள் சுவர் வெள்ளையாக இருக்கும்.

போன மாதம் ஒரு நாள், "பூட்டு மாத்திட்டோம் ஆன்ட்டி. உங்ககிட்ட இருக்கற சாவியத் தூக்கிப் போட்டுருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருந்தது மாடிக்குப் போகும் மரப்படிக்கட்டு. பதினாறு படி. வியாழக்கிழமை காலையில் தச்சர் வந்தார். டேப்பம்மா மாடியில் ஜன்னல் அளந்துகொண்டிருந்தாள். பத்து, பன்னிரண்டு, பதினான்கு, மூன்றும் உளுத்துவிட்டன என்று அடியிலிருந்த தாங்குகட்டைகளைக் கழற்றினார். மேலே சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டார்.

"நூறு வருஷ மரம்ப்பா. குப்பையிலயா போடப் போற?" என்றேன்.

"உளுத்த பலகை மட்டுந்தானேக்கா போகுது. வீட்டுக்காரங்களவிட நீங்கதான் காவல் நிக்கறீங்க. உங்களுக்கும் கூலி போடச் சொல்லவா?" என்று சிரித்துவிட்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அம்மா, குறி போட்ட படியில காலை வெச்சிராதீங்க. அடியில பிடிமானம் இல்ல."

"சரிண்ணே, தாண்டி வந்துடறேன்."

அவர் மரம் எடுத்துவரப் போனார். என் கையில் சமையலறை ஈரத்துணி இருந்தது. நல்ல படிகளில் மட்டும் கால் வைத்து ஏறி, மூன்று குறிகளையும் துடைத்தேன். குறி இல்லாவிட்டால் அவர் பழைய பலகையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நேற்று உங்கள் ஆளிடம் அப்படித்தான் சொன்னேன். ராத்திரி யோசித்துப் பார்த்தேன், அது சரியில்லை. அவர் மறக்கிற ஆள் இல்லை.

இறங்கி வந்து, "ஏம்மா, உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்காங்க" என்று கூப்பிட்டேன். உண்மையில் யாரும் வந்திருக்கவில்லை.

அவள் ஒன்றும் தடதடவென்று ஓடி வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்துத்தான் இறங்கினாள். பதினைந்தாவது படியில் நின்றுவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி, அண்ணன் குறியே போடலியே. இறங்கலாமா?"

இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"தாராளமா இறங்கும்மா" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு வருத்தம்தான். ஆனால் படிக்கட்டில் போனது ஒரே ஒரு பலகை, கைப்பிடியில் கீறல்கூட இல்லை. அவள் புருஷனுக்கோ மரமும் தெரியாது, சாயமும் தெரியாது. தச்சர் எதையாவது கொண்டுவந்து அறைந்துவிட்டுப் போவதற்குள், வீட்டைத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டாமா? கையெழுத்து எங்கே போடணும் என்று காட்டுங்கள் சார். மத்தியானத்துக்குள் நான் அங்கே இருக்க வேண்டும்.