கண் திறந்த படம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... ராத்திரி ஒரு மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்க ரோடு. அந்த நேரத்தில் நாய்கூட நடக்காது. கடைசிக் கட்டடத்தில் மட்டும் ஒரு ஜன்னலில் வெளிச்சம். உள்ளே எபினேசர் தனியாக இருந்தான். நம்ம சாலமோன் இருக்கிறாரே, அவர் தங்கச்சி வீட்டுக்காரன். 2006, கார்த்திகை மாதம்.

செயற்கைக்கோள் எடுத்த பழைய புயல் படங்களைப் பார்த்து, எவ்வளவு வலு என்று ஒன்றிலிருந்து எட்டுக்குள் எண் போடுவது அவன் வேலை. சாலமோனுக்கும் அதே வேலைதான், பகலில். புயலின் பேரையும் வருஷத்தையும் மறைத்துத்தான் கொடுப்பார்கள். தெரிந்தால் கை தன்னால் கூட்டிப் போட்டுவிடும். நடுவில் கண் கறுப்பாகத் திறந்திருந்தால் பெரிய புயல். அன்று வந்த படத்தில் பழவேற்காட்டுக்கு மேல் வெறும் மேகக் கலங்கல். தூக்கக் கலக்கம் வேறு. மூன்று போட்டான்.

ஜன்னல் தடதடவென்று ஆடியது. வெளியே காற்று உய்ய்ய் என்று ஊளையிட்டது... டக்கென்று நின்றது. காது அடைத்தது. ஏரிச் சேற்று வாடை.

"மூணா போட்ட?"

முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல். எபினேசர் சின்னவனாக இருந்தபோது ஒரு புயலின் கண் பழவேற்காட்டில் அவர்கள் ஊருக்கு மேல் வந்து, காற்று ஓய்ந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, தோணியைக் கட்டப் போனார் அப்பா. மறுபக்கத்துக் காற்று திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

"நான் போனது இன்னா சின்னப் புயலாடா?"

எபினேசர் திரும்பவில்லை. திரையில் மேகம் விலகியது. கண் மெல்லத் திறந்தது... வட்டமாக, கறுப்பாக. மூன்றை அழித்து ஏழு போட்டான்.

"சரி. காத்து நின்னுடுச்சி. வா, தோணிய இஸ்துக் கட்டிக்கினு வந்துடலாம்."

போகக் கூடாது. அந்தக் கரையில் பிறந்தவனுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் அப்பா கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று...

காலையில் வேலை மாற்ற வந்த சாலமோன் பார்த்தார். கதவு திறந்திருந்தது. செருப்பு மேஜைக்கடியில். நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர். ராத்திரி இலைகூட அசையவில்லை என்றார் வாட்ச்மேன். எபினேசர் இன்றுவரை வரவில்லை.

அந்த ராத்திரி செயற்கைக்கோள் எடுத்த படத்தைச் சாலமோன் கேட்டு வாங்கினார். வங்கக் கடல் முழுக்க மேகமே இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம். அதன் நடுவில்... கண் திறந்திருந்தது.