கண்ணாடிக்கு அடியில் இருந்த சாவி

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சின் நீளத்தை எண்ணி இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! ஈய எழுத்தைக் கோத்துக் கோத்து விரல் காய்த்த பெரியோர்களே! தாள் மடித்துத் தாள் மடித்துக் கைரேகை தேய்ந்த தாய்மார்களே! அச்சகத் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கடவுச்சொல் பற்றிப் பேசச் சொன்னார்கள். பின்வரிசையில் ஓர் அண்ணன் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணே! உங்கள் கடவுச்சொல் உங்கள் வண்டி எண்தானே? பார்த்தீர்களா, சிரிப்பு நின்றுவிட்டது!

முன்வரிசையில் இருக்கும், அச்சகம் நடத்தும் நம் மை அண்ணனின் கதையை, அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அழைப்பிதழ் உண்டு. மகளின் முதல் பிறந்தநாளுக்கு அவரே அடித்தது. பொன்னெழுத்தில் பெயர், கீழே தேதி. வருகிறவர்கள் எல்லாம், "இந்த மாதிரியே போட்டுக் குடுங்க" என்பார்கள். அச்சகத்தின் மின்னஞ்சலுக்கு அவர் வைத்த கடவுச்சொல் என்ன? அதே பெயர்! அதே தேதி! கதவைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே மாட்டி வைத்த கதை இது.

ஒரு திருமண வீட்டார், மின்னஞ்சலில் அழைப்பை அனுப்பும் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தார்கள். திருமணத்துக்கு முந்தைய நாள், யாரோ ஒரு பாவி கடவுச்சொல்லை ஊகித்து அந்த மின்னஞ்சலுக்குள் புகுந்தான். "திருமணம் நிறுத்தப்பட்டது" என்று விருந்தினர் அனைவருக்கும் அச்சகத்தின் பெயரிலேயே அனுப்பிவிட்டான். பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார்.

"எம்பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுன்னு எங்கிட்டயே துக்கம் விசாரிக்கிறாங்கய்யா!"

மணப்பெண்ணே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தாள். "நிக்கல அத்தை, கண்டிப்பா வாங்க" என்று கெஞ்சினாள். திருமணம் நடந்தது. ஆனால் பாதி நாற்காலிகள் காலி. அவற்றைப் பார்த்து மை அண்ணன் அழுதார் ஐயா, அழுதார்!

அதன் பிறகாவது கடவுச்சொல்லை மாற்றினாரா? இல்லை. "புள்ள பேரை எடுக்க மனசு வரலையே" என்றார். மகள்தான் சொன்னாள்: "அப்பா, ஊருக்கே தெரியணும்னு வெச்ச பேருப்பா அது. ஊருக்கே தெரிஞ்சது எப்படிப்பா பூட்டாகும்?"

எண்ணிப் பாருங்கள்! பாசம் பறைசாற்ற வேண்டியது. கடவுச்சொல் பதுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?

அப்படியானால் எதை வைப்பது? ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களைக் கோத்து வையுங்கள். தபால்பெட்டி, கொட்டாவி, ஏணி, தர்பூசணி! கொட்டாவி விட்ட தபால்பெட்டி ஏணியில் ஏறித் தர்பூசணி தின்கிறது. மறக்குமா? மறக்காது. உங்களை எவ்வளவு அறிந்தவனாலும் ஊகிக்க முடியுமா? முடியாது. ஐயா, எழுதிக்கொள்ளாதீர்கள்! மேடையில் சொன்ன நொடியே அது பாழ். உங்களுடையதை நீங்களே கோத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறாக.

மை அண்ணனும் கோத்தார். என்னவென்று கேட்டேன். "போய்யா" என்றார். அதுதான் சரியான பதில்!

சென்ற வாரம் அவர் அச்சகத்தில் இருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். அன்று தொலைபேசியில் கெஞ்சிய அதே மணப்பெண்! மை அண்ணன் எழுந்து நின்றார். அவளோ கண்ணாடிக்கு அடியில் இருந்த அழைப்பிதழைக் காட்டினாள்.

"இதே மாதிரி எம்புள்ளைக்கும் அடிங்கண்ணே. பேரைப் பெருசாப் போடுங்க. பூட்டை மாத்திட்டீங்கல்ல?"

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போனதும், உங்களை நம்பியவர்களுக்காகப் பூட்டை மாற்றுங்கள். வணக்கம்!